குரலைத் தாழ்த்தாத அக்கா

எங்கள் சனத்திடம் சில சொற்களுக்கென்று தனியாக ஒரு குரல் இருக்கிறது. புற்றுநோய் என்று சொல்லும்போது அந்தக் குரல் வரும். விவாகரத்து என்றால் வரும். யாருடைய மகளாவது நோர்வேக்காரப் பெடியனோடு தனி வீடு எடுத்துப் போய்விட்டால் கட்டாயம் வரும். கதைத்துக்கொண்டிருப்பவர் கழுத்தை முன்னுக்கு நீட்டுவார், கதவை ஒருமுறை பார்ப்பார், பிறகு வெறும் காற்றாக அந்தச் சொல்லை வெளியே விடுவார். சுற்றிவர ஒரு தமிழரும் இல்லாத இடத்திலும் இதே கதைதான். நானும் அப்படி வளர்ந்தவள். என்னிடமும் அந்தக் குரல் நன்றாகவே இருக்கிறது.

மூன்றாம் மாடி அக்காவிடம் அது இல்லை. அவருக்குக் கடவுள் கொடுத்தது ஒரே ஒரு குரல். வெங்காயம் முளைத்துவிட்டது என்பதையும், புருஷன் மறியலில் இருக்கிறார் என்பதையும் அவர் ஒரே அளவில்தான் சொல்வார். மறியல் என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் சிறை.

முதன்முதலில் அதை நான் கேட்டது ஒஸ்லோவின் ட்வெய்ட்டாப் பகுதியில் எங்கள் கட்டடத்து லிஃப்டுக்குள். வெள்ளிக்கிழமை பின்னேரம். லிஃப்டுக்குள் அக்கா, நான், பத்தாம் மாடியில் இருக்கிற தமிழ்க் குடும்பம் ஒன்று, எல்லோருடைய கையிலும் கடைப் பைகள். பத்தாம் மாடிக்காரி மரியாதைக்கு அக்காவைக் கேட்டார்.

"நாளைக்குப் பிள்ளைக்குப் பிறந்தநாள். பின்னேரம் வாங்கோவன்."

"நாளைக்கு ஏலாதம்மா. சனிக்கிழமையிலை மறியலுக்குப் போறனான், இவரைப் பாக்க. ஞாயிறு எண்டா வேலை. கேக் மிஞ்சினா ஒரு துண்டு எடுத்து வையுங்கோ."

நாங்கள் எல்லோரும் கதவுக்கு மேலே ஒளிர்கிற இலக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த லிஃப்ட் அன்றைக்குப் போன மாதிரி மெதுவாக அதற்குப் பிறகு ஒருநாளும் போனதில்லை. அடுத்த நாள் இரவு நான் ஒரு பெரிய மனுசி மாதிரி அவருக்குப் புத்தி சொல்லப் போனேன்.

"அக்கா, ஆக்கள் நிக்கேக்கை கொஞ்சம் மெல்லமாச் சொல்லியிருக்கலாம்."

"ஏனப்பா? மெல்லமாச் சொன்னா அவரை நேரத்தோடை விட்டிடுவினமே?"

அத்தான் என்ன செய்தவர் என்பதையும் அவர் ஒளித்ததில்லை. அத்தான் வேன் ஓடியவர். வீடு வீடாகப் பொதிகளைக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. அந்த வேனில் யாரோ தந்த வேறு சில பொதிகளையும் ஏற்றியிருக்கிறார். ஒருமுறை இல்லை, பலமுறை. உள்ளே இருந்தது போதைப்பொருள். "தெரியாமல் ஏத்திப்போட்டாராம்" என்று சொந்தக்காரர்கள் கதை கட்டப் பார்த்தபோது அக்கா விடவில்லை. "தெரிஞ்சுதான் ஏத்தினவர். வேன் அவரின்டை, கை அவரின்டை, புத்திதான் இரவல். செய்தவர், இருக்கிறார்" என்றார்.

அப்படியென்றால் அத்தானைக் கைவிட்டுவிட்டார் என்று நினைத்து ஒரு பெரியவர் வந்தார். அவர்தான் ஊரில் அந்தக் கலியாணத்தைப் பேசி முடித்தவர். தேநீர் குடித்துக்கொண்டே, இப்படிப்பட்ட ஆளை விட்டுவிட்டு மகளோடு நிம்மதியாக இருக்கலாமே என்று தொடங்கினார். அக்கா அவருக்கு இன்னொரு துண்டு கேக் வைத்தார். "செய்து வைச்சதும் நீங்கள், பிரிச்சு வைக்கிறதும் நீங்களே? ஒரு ஆளுக்கு எத்தினை வேலை" என்றார். பெரியவர் கேக்கை முடிக்காமலே எழுந்து போனார். அடுத்த வாசல்வரைக்கும் கேட்கிற குரலில் அக்கா அவரை வழியனுப்பியதை நான் காதால் கேட்டேன்.

வயோதிபர் இல்லத்துச் சமையலறையில் அவருக்கு வேலை. அத்தான் உள்ளே போனபின் வார இறுதி வேலையையும் சேர்த்து எடுத்தார். அவர் நன்றாக இருந்தார் என்று சொல்ல வரவில்லை. அந்த இரண்டு வருடத்தில் அவர் மெலிந்து போனார். கடிதப் பெட்டியில் அரசாங்கக் கடிதம் கிடந்தால் ஐந்து நிமிடம் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் உடைப்பார். தனக்குப் பயமாக இருக்கிறது என்பதையும் அவர் படியில் இருந்தபடி உரத்துத்தான் சொன்னார். "எனக்கு நெஞ்சு இடிக்குது, கொஞ்சம் பக்கத்திலை இரும்" என்பார். நானும் இருப்பேன்.

வாரத்தில் கொஞ்ச நிமிடங்கள்தான் அத்தானுக்குத் தொலைபேசி. அதிலும் ஒரு சிக்கல். காவலர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள், அவர்களுக்கு விளங்கும் மொழியில் கதைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பதினாறு வருடம் குடும்பம் நடத்திய இரண்டு யாழ்ப்பாணத்து ஆட்கள் முதன்முதலாக ஒருவரோடொருவர் நோர்வேஜிய மொழியில் கதைக்கத் தொடங்கினார்கள். அக்காவின் நோர்வேஜியம் சமையலறையில் பழகியது. அத்தானுடையது வகுப்புப் புத்தகத்தில் பழகியது. தொலைபேசியை வைத்துவிட்டு ஒருநாள் அக்கா முகமெல்லாம் சிவந்து என் வீட்டுக்கு வந்தார். அழுதுவிட்டார் என்று நினைத்தேன்.

"உவர் என்ன சொன்னவர் தெரியுமே? யெய் சாவ்னர் டெய் எண்டார். உன்னை நினைச்சு ஏங்கிறனாம். பதினாறு வரியத்திலை தேத்தண்ணி நல்லாயிருக்கெண்டுகூடச் சொல்லாத மனிசன்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஓம், வடிவாச் சாப்பிடுங்கோ எண்டன். வேறை என்ன சொல்லுறது, பொலிஸ் கேட்டுக்கொண்டு நிக்க." சொல்லிவிட்டு நெடுநேரம் சிரித்தார்.

அவருடைய ஜாக்கெட் கதையையும் சொல்ல வேண்டும். நோர்வேக்கு வந்து இறங்குகிற தமிழ்க் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் முதலில் சொல்லித் தரப்படுகிற பாடம் ஒன்று உண்டு: சமைக்கும்போது குளிர் ஜாக்கெட்டுகளை எல்லாம் அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்து. கறி மணம் ஏறிவிட்டால் பிறகு ரயிலில் உன் பக்கத்தில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். நான் இருபது வருடமாக அதைத் தவறாமல் கடைப்பிடித்து வருகிறேன்.

சிறைக்கு முதன்முதல் போனபோது அக்கா இடியப்பமும் சொதியும் கட்டிக்கொண்டு போயிருந்தார். எங்கள் ஆட்கள் ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு போவார்களா என்ன? வாசலிலேயே அதை உள்ளே விட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். திரும்பி வரும்போது, ரயில் மாறுகிற லில்லெஸ்ட்ரோம் நிலையத்து வாங்கில் உட்கார்ந்து தாயும் மகளும் அதைச் சாப்பிட்டார்கள். அடுத்த சனிக்கிழமை காலையில் அக்கா தன்னுடைய ஜாக்கெட்டை எடுத்துச் சமையலறைக் கதவில் கொழுவினார். பிறகு வெங்காயம் வதக்கி, கறித்தூள் போட்டு, ஒரு கோழிக்கறியை நன்றாக வற்றவிட்டார். ஒவ்வொரு சனிக்கிழமையும் இதுதான் நடந்தது. "சாப்பாட்டைத்தானே வேண்டாமெண்டவை. மணத்தை மறிக்கச் சொல்லும் பாப்பம்" என்றார்.

ஒருமுறை நான் துணைக்குப் போனேன். ரயில் பெட்டி முழுக்க எங்கள் வீட்டுக் குசினி மணந்தது. ஒரு நோர்வேக்காரர் எழுந்து அடுத்த பெட்டிக்குப் போனார். நான் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு இந்த அக்காவை எனக்குத் தெரியாது என்ற மாதிரி வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவோ மடியில் கைகளை வைத்துக்கொண்டு அம்மன் மாதிரி இருந்தார். சந்திப்பு அறைக்குள் போனதும் அத்தான் முதலில் அந்த ஜாக்கெட்டைத்தான் வாங்குவாராம். ஒரு மணி நேரமும் அதை மடியில் வைத்துக்கொண்டுதான் கதைப்பாராம். "என்னைவிட உதைத்தான் தேடுறார்" என்று அக்கா குறைப்பட்டுக்கொள்வார், ஆனால் அந்தக் குறையில் ஒரு பெருமை இருக்கும்.

இப்படிப்பட்ட மனுசிக்கு நான் ஒரு பிழை செய்தேன். நல்லது செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு செய்தது.

அக்காவின் மகள் மதுராவுக்கு அப்போது பதினொரு வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வேலையில் நிற்பதால், தமிழ்ப் பள்ளிக்கு அவளை நான்தான் கூட்டிக்கொண்டு போவேன். நான் அங்கே சின்னப் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுக்கிறவள். அத்தான் உள்ளே போன புதிதில், மதுராவின் வகுப்பு ஆசிரியை அவளுக்கு முன்னாலேயே என்னிடம் கேட்டார். "கனகாலமா இவளின்டை அப்பாவைக் காணேல்லை?"

யோசிக்கவே இல்லை, வாயில் வந்தது. "அவர் இப்ப துரொண்ட்ஹெய்மிலை. அங்கை வேலை கிடைச்சிட்டுது."

ஒஸ்லோவுக்கு வடக்கே தொலைவில் இருக்கிற நகரம் அது. சொல்லிவிட்டு நிம்மதியாகத்தான் இருந்தேன். ஒஸ்லோவின் எல்லா மூலையிலிருந்தும் ஆட்கள் வருகிற பள்ளி இது. எங்கள் கட்டடத்தில் அக்கா என்னவும் சொல்லட்டும், இங்கேயாவது பிள்ளை தலை நிமிர்ந்து நிற்கட்டும் என்று நினைத்தேன். உண்மை தெரிந்தவர்கள் சிலர் இருந்திருப்பார்கள். அவர்கள் தெரியாத மாதிரி இருந்தார்கள், அது எங்கள் சனத்துக்குக் கைவந்த கலை. மதுரா என்னை நிமிர்ந்து பார்த்தாள். பெரியவர்கள் இப்படித்தான் செய்ய வேண்டும் என்கிறார்கள் என்று அவள் விளங்கிக்கொண்டாள்.

அதன்பின் அவளே கதை கட்டத் தொடங்கினாள். அப்பாவுக்குத் துரொண்ட்ஹெய்மில் கடல் தெரிகிற வீடு. அங்கே ஒரு நாய். கோடை விடுமுறையில் இவள் போய் நிற்கப் போகிறாள். தோழிகள் நாயின் படம் கேட்டார்கள். அப்பாவின் தொலைபேசி உடைந்துவிட்டது என்றாள். யாரிடம் எதைச் சொன்னோம் என்பதை ஒரு கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. லில்லெஸ்ட்ரோமில் யாராவது தமிழ் ஆட்கள் கண்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் அவளுக்கு வெள்ளிக்கிழமை தோறும் வயிறு வலிக்கத் தொடங்கியது. ஒரு சனிக்கிழமை அப்பாவைப் பார்க்கப் போகவில்லை. அடுத்ததும் போகவில்லை. நான்கு சனிக்கிழமை அக்கா தனியாகப் போய் வந்தார். அத்தான் நான்கு முறையும் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

கடைசியில் நோர்வேஜியப் பள்ளிக்கூடத்துத் தாதி அக்காவைக் கூப்பிட்டார். வயிற்றில் ஒன்றும் இல்லை என்றார். மதுரா அந்தத் தாதியிடம் எல்லாவற்றையும் கொட்டியிருந்தாள், நாயின் பெயர் உட்பட.

அன்றைக்குப் பின்னேரமே அக்கா என் வீட்டுக்கு வந்தார். சமையலறைக் கதிரையில் இருந்தார். நான் வைத்த தேநீரைத் தொடவில்லை. கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை. அதே குரல்தான்.

"நீர் நல்லதுக்குத்தான் செய்தனீர். அது எனக்குத் தெரியும்."

"பிள்ளைக்காகத்தானக்கா."

"ஓம். ஆனா இப்ப என்ன நடந்திருக்கு? அவள் தேப்பனைப் பற்றி வாய் திறக்கப் பயப்பிடுறாள். அவர் பிழை செய்தவர், அவரைப் பூட்டி வைச்சிருக்கினம். என்டை பிள்ளை என்ன செய்தவள்? அவளின்டை வாயை ஏன் பூட்டினனீர்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா எனக்கு முன்னால் இருந்த தேநீரை எடுத்து என் கையில் தந்தார், அழுவதற்கு முதல் குடிக்கச் சொன்னார். பிறகு, பூட்டினவரே திறக்க வேண்டும், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு எழுந்தார். மகளுக்கு அவர் என்ன சொன்னார் என்பதையும் எனக்குச் சொன்னார்: ஒருவர் கேட்டால் உண்மையைச் சொல்லு, கேட்காவிட்டால் விட்டுவிடு, பொய்யை மட்டும் காவித் திரியாதே.

நான் அடுத்த ஞாயிறு அந்த ஆசிரியையிடம் போனேன். சொன்னேன். அக்காவிடம் வந்து "சொல்லிப்போட்டன்" என்றேன்.

"எப்பிடிச் சொன்னனீர்? சொல்லிக் காட்டும்."

சொல்லிக் காட்டினேன். கழுத்தை நீட்டி, கதவைப் பார்த்து, வெறும் காற்றாக. அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "உது அந்த மனுசியின்டை காதுக்கே போயிருக்காது" என்றார். அவர் சொன்னது சரிதான். நான் சொன்னது ஆசிரியைக்கு விளங்கவே இல்லை, தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விட்டார். எதுவும் மாறவில்லை.

இரண்டு கிழமை கழித்துப் பள்ளியின் ஆண்டு விழா வந்தது. அதற்கு முதல் நாள் சனிக்கிழமை, மதுரா தாயோடு அப்பாவைப் பார்க்கப் போயிருந்தாள். அதுவே பெரிய விஷயம். விழாவில் அவளுக்கு ஒரு பேச்சு. பனிக்காலத்தைப் பற்றி. அக்கா வேலை முடிந்து நேராக மண்டபத்துக்கு வருவதாக ஏற்பாடு. அதுவரைக்கும் பிள்ளை என் பொறுப்பு.

அன்றைய பிரதம விருந்தினர் துரொண்ட்ஹெய்மிலிருந்து வந்திருந்தார். முப்பது வருடமாக அங்கே இருக்கிறவர், பழைய ஆள். விழா தொடங்க முன் வடையும் தேநீருமாக எல்லோரும் நின்று கதைத்துக்கொண்டிருந்தோம். அந்த ஆசிரியை மதுராவின் தோளில் கையை வைத்து அவரிடம் சொன்னார்.

"இந்தப் பிள்ளையின்டை அப்பாவும் உங்கடை ஊரிலைதானே."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பிடியே? ஆர் அப்பா? எந்தப் பக்கத்திலை இருக்கிறார்? அங்கை எனக்குத் தெரியாத தமிழ் ஆக்கள் இல்லையே."

உண்மைதான். துரொண்ட்ஹெய்மில் ஒரு தமிழனை ஒளித்து வைக்கலாம் என்று நினைத்தது என்னுடைய மடத்தனம். அங்கே எந்த வீட்டில் இன்றைக்கு என்ன கறி என்பது முழு ஊருக்கும் தெரியும். சுற்றி நின்ற நாலைந்து பெண்களும் வடையோடு எங்கள் பக்கம் திரும்பினார்கள். மதுராவின் கை என் கைக்குள் வந்தது. அவள் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

என்னிடம் அடுத்த பொய் தயாராகவே இருந்தது. இப்போது பேர்கன் நகரத்துக்கு மாறிப் போய்விட்டார் என்று சொன்னால் போதும், அவர் விட்டுவிடுவார். ஆனால் மதுரா இனிப் பேர்கனில் ஒரு வீடு கட்ட வேண்டும், அங்கேயும் ஒரு நாய் வளர்க்க வேண்டும். என்னால் அதைச் செய்ய முடியவில்லை.

"அவர் துரொண்ட்ஹெய்மிலை இல்லை. நான்தான் பொய் சொன்னனான். பிள்ளை இல்லை, நான்" என்றேன். நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. வடையைக் கடித்துக்கொண்டிருந்த ஒருவர் மெல்லாமல் நின்றார்.

மதுரா இப்போது அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அப்பா மறியலிலை இருக்கிறார். நேற்று நானும் அம்மாவும் போய்ப் பாத்தனாங்கள்."

ஆசிரியை அவளுடைய தோளிலிருந்து கையை எடுத்தார். அந்த மனிதர் இரக்கப்பட்டு ஏதாவது சொல்லிவிடுவார், அல்லது நைசாகக் கதையை மாற்றிவிடுவார் என்று நான் பயந்துகொண்டு நின்றேன். அவர் தன்னுடைய தட்டைப் பக்கத்துக் கதிரையில் வைத்தார். குனிந்து மதுராவைப் பார்த்தார்.

"அப்பா எப்பிடி இருக்கிறார், பிள்ளை?"

இரண்டு வருடத்தில் அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. எப்போது வருவார் என்று அக்காவிடம் கேட்டிருக்கிறேன், லோயர் என்ன சொல்கிறார் என்று கேட்டிருக்கிறேன். அவர் எப்படி இருக்கிறார் என்று அந்தப் பிள்ளையிடம் கேட்க எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

மதுரா முதலில் "நல்லா இருக்கிறார்" என்றாள். பிறகு, "முடி கொஞ்சம் கொட்டிட்டுது" என்றாள். அதன்பின் நிற்கவில்லை. அப்பா அங்கே தச்சு வேலை பழகுகிறார். ஒரு கதிரை செய்தார், ஒரு கால் கட்டையாகப் போய்விட்டது, அதற்குக் கீழே வைக்க ஒரு சின்னப் பலகையும் அவரே செய்தார். நேற்றுச் சீட்டு விளையாடினோம், அப்பா கள்ளத்தனமாக விளையாடி வென்றார், அம்மா கண்டுபிடித்துவிட்டார். அப்பா எனக்குப் பனிக்காலப் பேச்சைச் சொல்லித் தந்தார், ஆனால் அவர் சொல்லித் தந்ததில் இரண்டு பிழை இருக்கிறது, நான் திருத்திவிட்டேன். எனக்கு அப்பாவில் கோபமும் இருக்கிறது, அதையும் நேற்று அவரிடம் சொன்னேன், அவர் அழுதார், பிறகு நானும் அழுதேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். அவளுக்கு இவ்வளவு பெரிய குரல் இருக்கிறது என்பது எனக்கு அதுவரைக்கும் தெரியாது. அந்த மனிதர் "ஓமோ", "பிறகு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சுற்றி நின்ற பெண்களில் ஒருவர் கதிரைக் கால் கதைக்குச் சிரித்தும்விட்டார்.

நிமிர்ந்து பார்த்தேன். அக்கா எங்களுக்குப் பின்னால் நின்றார். சமையலறைச் சப்பாத்தைக்கூட மாற்றாமல் ஓடி வந்திருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. கையில் தொப்பியைப் பிசைந்துகொண்டு, வாயைத் திறக்காமல் நின்றார். அவரை நான் அப்படிக் கண்டதே இல்லை.

மேடையிலிருந்து மதுராவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவளுக்குக் கேட்கவில்லை, கதைத்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் முறையும் கூப்பிட்டார்கள். விழாவை நடத்துகிறவர் கையில் தாளோடு எங்களை நோக்கி விரைந்து வந்தார். அக்கா ஒரு எட்டு முன்னுக்கு வந்து அவருக்கும் மகளுக்கும் நடுவில் நின்றுகொண்டார். முழு மண்டபத்துக்கும் கேட்கிற மாதிரித்தான் சொன்னார்.

"கொஞ்சம் பொறுங்கோ தம்பி. அவள் தேப்பனைப் பற்றிக் கதைக்கிறாள். முடியட்டும்."